பத்தாவது எழுத்து

"...நல்லா கீற பிரேக்கப் போய் எதுக்கு தம்பி பிரிக்கணும்? நீ குடுத்த சாமானாச்சே, எனக்கு இன்னா பேஜாரு?" என்று சிரித்தார் கலீல் பாய், என் கடை வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு.

அவருக்குத் தவறான சாமானைக் கொடுத்தவன் நான். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காதவனும் நான்தான். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஆம்பூரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். தொழில் நானே கற்றது. வண்டியின் சேசிஸ் நம்பரைத் தட்டினால் எந்த வருட மாடல், எந்தச் சாமான் பொருந்தும் என்று காட்டும் கேட்லாக் மென்பொருளை இணையத்தில் அலைந்து தேடி எடுத்தேன். திருட்டுப் பிரதி. சில வண்டிகளுக்கு முழு நம்பரையும் ஏற்காது. வருடத்தைக் குறிக்கும் பத்தாவது எழுத்தை நாமே தட்ட வேண்டும். "நம்பர மட்டும் சொல்லுங்க, சாமான் தானா வரும்" என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தேன்... பேச்சென்றால் எனக்குச் சோறு வேண்டாம்.

கலீல் பாய் தன் வேனின் பிரேக்குக்கு வீல் சிலிண்டர் வேண்டுமென்று மெக்கானிக் ஷெட்டிலிருந்து போனில் சேசிஸ் நம்பரைப் படித்தார். பின்னால் ஒரே சுத்தியல் சத்தம். பத்தாவது எழுத்தில் சந்தேகம் வந்து, "சி-யா பாய்?" என்றேன்.

"ஜி" என்றார்.

உருது பேசுகிறவர் ஜி என்றால் ஆமாம் என்று பொருள். இந்த ஊரில் வளர்ந்த எவன் காதிலும் அப்படித்தான் விழும். நான் சி-யைத் தட்டினேன். அவரோ என்னைத் திருத்தியிருக்கிறார்... அது ஆங்கில எழுத்து ஜி!

இரண்டு மாடலுக்கும் வீல் சிலிண்டர் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். நான் கொடுத்ததில் உள்துளை சிறியது. மாட்டினால் உட்காரும், வண்டியும் ஓடும். இறக்கத்தில் முழுப் பாரத்தோடு மிதித்தால் பிடிக்குமா? தெரியாது. அந்தத் தெரியாததுதான் என்னைக் கொல்கிறது.

பிறகொரு நாள் கதவுக் கைப்பிடி வேண்டுமென்று சேசிஸ் நம்பர் தகட்டைப் படமெடுத்து அனுப்பினார். அதில் பளிச்சென்று ஜி.

அந்த வேனில் யார் போகிறார்கள் தெரியுமா? ஆலங்காயத்துக்கு மேலே மலை ஊர்களிலிருந்து ஷூ கம்பெனிக்கு வரும் பெண்கள். மாலையில் ஏற்றம், காலையில் இறக்கம். காலையில் போன் அடித்தால் யார் பெயர் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? கடைப் பெயர் கெடும் என்றா? இல்லை... என்னைக் கண்டதும் மலரும் அந்த முகம் மாறிவிடும் என்றா? பிரேக்கைப் பிரித்துப் புதுச் சாமான் சும்மா போட்டுத் தருகிறேன் என்று மட்டும் நேற்று மாலை சொல்லிப் பார்த்தேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"பாய், அந்த அண்ணன் வாயத் தொறந்தா மூடாது. வண்டிய எடுங்க, வூட்ல போய் ஒல வைக்கணும்" என்றாள் வேனுக்குள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாய்... உங்க நம்பர்ல பத்தாவது எழுத்து... ஜி-யா?"

அவ்வளவுதான் வந்தது.

"ஜி" என்றார் கலீல் பாய். நெஞ்சில் கை வைத்து எனக்கொரு சலாம் சொன்னார். கியரைப் போட்டு, வேனை மலைப் பக்கம் திருப்பினார்.