நிழல் இல்லாத கழுதை

என் கணினிக்குள் நின்ற கழுதைக்குத் தோல் இல்லை. உடம்பு, காது, வால் எல்லாம் செய்தாயிற்று. களிமண்ணில் பிடித்து வைத்தது போல் நின்றது. போனில் விளையாடும் கேம் செய்கிற கொழும்பு ஆள் ஒருவர் தந்த சோதனை வேலை. கழுதை அவருக்குப் பிடித்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால், மாமி சொல்லி வைத்திருக்கிற கார்மெண்ட் தொழிற்சாலைக்குத் தைக்கப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு வழி கிடையாது என்பது அம்மாவின் முடிவு.

தோல் போடுவதும் ஒருவகைத் தையல்தான். உருவத்தை மூட்டுப் பிரித்து, வெட்டிய துணி போலத் தட்டையாக விரித்து, அதன்மேல் உண்மைத் தோலின் படத்தைப் பரப்பி, திரும்ப மூட்ட வேண்டும். படத்தில் நிழல் இருக்கக்கூடாது. இருந்தால், கேமுக்குள் எந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் அந்தக் கறுப்புப் போகாது. மன்னார் வெயிலில் நிழல் விழாத கழுதைக்கு எங்கே போவது?

உதைக்குமோ, சொந்தக்காரர் வருவாரோ, பொலிஸ் கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். தங்கச்சி யோசிக்கவில்லை. அம்மாவின் சிவப்பு நைலக்ஸ் சேலையையும் தன் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு, என்னை பஸ் ஸ்ராண்டடிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஊரில் திரிகிற கழுதைகளில் ஒன்று மட்டைப்பெட்டி தின்றுகொண்டு நின்றது. வெயில் நேரே பட்டு நிழல் விழாமல் இருவரும் சேலையை அதன் மேல் பந்தல் போல விரித்துப் பிடிக்க, நான் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தேன்.

ஆட்டோவுக்குள் படுத்திருந்த அண்ணை எழும்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளையள், கழுதை பெரியபிள்ளை ஆயிட்டுதோ? சாமத்திய வீடோ?"

"ஓம் அண்ணை, நீங்கள்தான் தாய்மாமன். தண்ணி வாக்க வாங்கோ" என்றாள் தங்கச்சி.

எடுத்த படங்களைப் பார்க்கக்கூட நிற்காமல் ஓடி வந்துவிட்டேன். வீட்டில் தோலைப் போட்ட பிறகுதான் தெரிந்தது: சேலை வழியாக இறங்கிய வெயில் கழுதையை முழு றோஸ் ஆக்கியிருந்தது. சிவப்பைக் குறைக்கக் குறைக்க அது காய்ச்சலில் வெளிறிப்போன வருத்தக்காரக் கழுதையானது.

"வடிவா இருக்கு அக்கா. பவுடர் போட்ட மாதிரி."

எனக்குக் காதுக்குள் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

மறுநாள் அப்பாவின் வெள்ளை வேட்டியோடு போனோம். அதே கழுதை, அதே அண்ணை.

"நேற்றுச் சாமத்தியம், இண்டைக்கு வெள்ளை பிடிக்கிறியள். செத்தே போச்சோ? பாவம், கலியாணம் கூடக் கட்டேல்ல."

"அழுறதுக்கு ஆள் காணாது அண்ணை. இறங்கி வாங்கோ" என்றாள் தங்கச்சி.

இம்முறை கழுதை கழுதை நிறத்திலேயே வந்தது. அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை போனைக் கையை விட்டு இறக்கவில்லை. 'மயிர் கையில் குத்தும் போல இருக்கிறது. அடுத்தது மாடு, தொடங்குங்கள்' என்று கொழும்பு ஆள் எழுதியிருந்தார்.

கார்மெண்டுக்கு என்னைக் கூட்டிப் போக மாமி வந்து கதிரையில் இருந்தார்.

"பிள்ளைக்கு வேலை கிடைச்சிட்டுது மச்சாள்" என்றார் அம்மா.

"என்ன வேலை?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "கழுதைக்குத் தோல் போடுறாள்."

மாமி கைப்பையை மடியில் இருத்திக்கொண்டு கேட்டார்:

"பென்சன் இருக்கோ?"

அதை நான் யோசிக்காமல் விட்டிருந்தேன். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.