காது பரிசோதனை அறையில் ஒரு தலைவர்

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு எந்தப் பொருளும் சும்மா ஓடினால் போதாது. அது ஏன் ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உட்காரச் சொன்ன நாற்காலியைக் கண்டுகொள்ளாமல், மின்விசிறி ஏன் விட்டு விட்டு முனகுகிறது என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நான் எலெக்ட்ரீஷியன். என் வீட்டு மின்விசிறியை என் கண்ணெதிரிலேயே ஒருவர் சந்தேகப்பட்டால் எனக்கு எப்படி இருக்கும்? இந்த ஆள் வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். தங்கச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் அவர் வேலைக்குச் சேர்ந்ததும் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயேதான். எனக்கு மின்சாரம், அவருக்கு நெட்வொர்க். மாடிக்கு மாடி ஒரு குட்டி அறை உண்டு. அதில் ஒரு சுவரில் என் பேனல், எதிர்ச் சுவரில் அவருடைய ஸ்விட்சுகள். ஸ்விட்ச் என்றால் நான் விளக்குக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. தட்டையான இரும்புப் பெட்டி, முகம் முழுக்கக் கேபிள் செருகும் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு பச்சை விளக்கு. ஒரு கம்ப்யூட்டர் சொல்வதைச் சரியான துளை வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பி வைப்பது அதன் வேலை. கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டியதை ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். இந்த அளவுக்குத் தெரிந்துகொள்வதற்கே நான் எத்தனையோ டீயை ஆறவிட்டிருக்கிறேன்.

நர்சுகள் அவரை ‘நெட்டு சார்’ என்பார்கள். காலையில் வந்ததும் ஒவ்வொரு பெட்டியையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. உள்ளே சுற்றும் குட்டி விசிறியின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்பார். எந்தக் கேபிளானாலும் இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு இல்லாத கேபிளைக் கண்டால் பகல் முழுக்க அதன் பின்னாலேயே அலைவார். சாப்பிடக் கூப்பிட்டால் “இதோ வந்துட்டேன் மச்சான்” என்று குரல் மட்டும் வரும்.

இப்படிப்பட்டவரின் நெட்வொர்க் சில மாதங்களுக்கு முன்பு நின்று நின்று போக ஆரம்பித்தது. ஒரு நிமிடம் போல எல்லா மாடியும் ஸ்தம்பிக்கும். பிறகு ஓடும். ஒரு நாள் நான்கு தடவை, பிறகு இரண்டு நாளைக்கு ஒன்றுமே இல்லை. ஆய்வகத்து ரிசல்ட் ஆபரேஷன் அறைக்குப் போகாது. ஆட்கள் ரிசல்ட் சீட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடுவார்கள். நின்றதும் எல்லாரும் ஒரே குரலில் “ரீஸ்டார்ட் பண்ணுங்க” என்பார்கள். அவரும் கீழ்த்தளத்துக்கு ஓடிப்போய்ப் பெரிய ஸ்விட்சை அணைத்துப் போடுவார். சரியாகிவிடும். அவருக்கு மட்டும் முகம் தெளியாது.

“சரியாயிடுச்சுல்ல, அப்புறம் என்னய்யா மாப்ள?” என்பேன்.

“சரியாச்சு மச்சான். ஆனா எது சரியாச்சு?”

எனக்கு எரிச்சலாக வரும். ஃபியூஸ் போனால் ஃபியூஸைப் போடு, கதை முடிந்தது என்று வாழ்கிறவன் நான்.

ஒரு நாள், நோயாளியை மேஜையில் கிடத்திவிட்டு ரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த அறுவை சிகிச்சை டாக்டர் கத்தித் தீர்த்துவிட்டார். நல்லவேளை, ஆய்வகப் பெண் சீட்டோடு ஓடிவந்து சேர்ந்தாள். நிர்வாக அதிகாரி அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். “இந்த வாரத்துக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா நெட்வொர்க் மொத்தமும் வெளி கம்பெனிக்குப் போயிடும். நீங்க டெலிபோன் செக்‌ஷனுக்குப் போயிடலாம்” என்றார்.

 டெலிபோன் செக்‌ஷன் என்றால் ஒரு மூலை அறை, எப்போதாவது ஒரு ரிசீவர் உடையும், மாற்ற வேண்டும். அந்தப் பெட்டிகளிடமிருந்து பிரித்துவிட்டால் இந்த மனிதர் இளைத்துப் போவார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த முறை நின்றபோது நானும் கீழ்த்தளத்தில்தான் இருந்தேன். மேலே கூச்சல் கேட்டது. அவர் லேப்டாப்பைப் பெரிய ஸ்விட்சோடு இணைத்து வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யோவ், ரீஸ்டார்ட் பண்ணுய்யா!”

“பண்ணா, அது நினைவுல வெச்சிருக்கறதெல்லாம் அழிஞ்சிடும் மச்சான். கொஞ்சம் பொறுங்க.”

“மேல ஆளுங்க உயிரை விடறாங்க!”

“ஆபரேஷன் அறைல இப்ப யாரும் இல்ல. கேட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன்.”

நானே பொத்தானை அமுக்கிவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. அதற்குள் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக மினுக்க ஆரம்பித்தன. அவர் துள்ளி எழுந்தார்.

“பாத்தீங்களா? நான் தொடவே இல்ல! இத்தனை நாளும் அதுவாத்தான் வந்திருக்கு. பேர் மட்டும் ரீஸ்டார்ட்டுக்கு!”

திரையைக் காட்டி அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஒரு கேபிள் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று பெட்டிகளுக்கு நடுவே இரண்டு இரண்டு வழி போட்டிருப்பார்கள். எல்லா வழியும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் செய்திகள் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றியே வந்து கட்டடத்தை அடைத்துவிடும். அதனால் பெட்டிகள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, அவரை வைத்து எந்த வழியைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவு செய்யும். தலைவர் காணாமல் போனாலோ, புதிதாக ஒருவர் வந்து உரிமை கொண்டாடினாலோ, மறுபடி தேர்தல். அது முடிகிற வரை போக்குவரத்து இல்லை. அதுதான் அந்த ஒரு நிமிடம்.

“யாருய்யா ஜெயிக்கறது?”

“நாம ஒருத்தரை எழுதி வெச்சா அவர். எழுதலன்னா, பெட்டிக்குள்ள பொறந்தப்பவே ஒரு நம்பர் இருக்கும், அதுல சின்ன நம்பர் எதுவோ அது. பெரும்பாலும் இருக்கறதுலயே பழைய பெட்டி.”

“வேகம், திறமை எதுவும் பாக்காதா?”

“பாக்காது.”

“நல்ல தேர்தல்யா இது!”

அவர் சிரிக்கவில்லை. தலைவர் பதவியில் பெரிய ஸ்விட்சின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒரு நம்பர் இருந்தது. “இது யாரு மச்சான்?” என்றார். கட்டடத்தில் அப்படி ஒரு பெட்டி இருப்பதே அவருக்கு நினைவில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்விட்சைக் கேட்டாலும், தலைவர் எந்தத் துளைப் பக்கம் இருக்கிறார் என்று சொல்லும். அதை வைத்துப் புறப்பட்டோம். கீழ்த்தளத்திலிருந்து முதல் மாடி, அங்கே கேட்டுவிட்டு அடுத்த மாடி. எனக்கும் மெல்ல மெல்ல அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. வேலையை எல்லாம் விட்டுவிட்டு, “இப்ப எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?” என்று அவர் பின்னாலேயே ஓடினேன்.

கடைசிக் கேபிள் காது பரிசோதனை அறைக்குள் போனது. கதவைத் திறந்தால், பரிசோதனை செய்யும் அம்மா உதட்டில் விரலை வைத்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கக் காத்திருந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் தவழ்ந்தோம். அங்கே சுவரோரம் தூசி படிந்து ஒரு பழைய ஸ்விட்ச். மொத்த மருத்துவமனைக்கும் தலைவர். அதன் தலையில் ஒரு சீட்டு: ‘நல்லா இருக்கு.’

மாப்பிள்ளையின் கையெழுத்து.

அந்த அறையில் கத்தவும் முடியாது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். முகத்தில் ரத்தமே இல்லை. பெரியவர் மட்டும் நிதானமாகக் கையைத் தூக்கினார், இறக்கினார். பரிசோதனை முடிந்து அவர் வெளியே போனதும், அந்த அம்மா வழக்கம்போல அறைச் சுவரில் இருந்த மெயினை அணைத்தார். சிக்கனக்காரர், யாரும் இல்லாத அறையில் எதையும் எரியவிட மாட்டார். விளக்கு அணைந்தது, பெட்டியும் அணைந்தது. அடுத்த கணமே தாழ்வாரத்தில் “போச்சு! மறுபடி போச்சு!” என்று கூச்சல்.

கதை இதுதான். அந்த அறைக்கு இரண்டு இணைப்பு வேண்டியிருந்தது, சுவரில் ஒன்றுதான் இருந்தது. ஸ்டோரில் ஒதுக்கிப்போட்ட பெட்டியை வீணாக்குவானேன் என்று இவர் கொண்டுவந்து வைத்தார், மறந்தார். ‘நீதான் தலைவர்’ என்று பெரிய ஸ்விட்சில் எழுதி வைக்கும் ஒற்றை வரியையும் எழுதாமல் விட்டிருந்தார். காதுக்கு ஆள் வந்தால் பழைய பெட்டிக்குப் பட்டாபிஷேகம், ஆள் போனால் பதவி இறக்கம்.

மாடிப்படியில் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். “மாப்ள, அந்தப் பெட்டிய சத்தமில்லாம கழட்டி எடுத்துடு. இனிமே நிக்காது. கண்டுபிடிச்சது நீதான்னு மட்டும் சொல்லு. வெச்சது யாருன்னு வாயத் திறக்காத. என் தங்கச்சிய நெனச்சுப் பாரு.”

“கையக் கழுவிட்டு வரேன் மச்சான், ஒரே தூசி” என்று போனவர் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார்.

அதிகாரி அம்மாவின் மேஜையில் கிடந்த பேனா, கண்ணாடி, ஸ்டேப்ளர் எல்லாவற்றையும் ஸ்விட்சுகளாக அடுக்கித் தேர்தலை விளக்கினார். அந்த அம்மா முதலில் கடுப்பாகத்தான் இருந்தார். ஸ்டேப்ளர் தலைவரானதும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அட, அதான் ரீஸ்டார்ட் பண்ணா சரியாகற மாதிரி இருந்துச்சா!” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது. பிறகு கேட்டார்: “சரி, அந்தப் பெட்டிய அங்க வெச்சது யாரு?”

நான் பலமாக இருமினேன்.

“நான்தான் மேடம். பெரிய ஸ்விட்ச்ல அந்த ஒரு வரி எழுதாததும் நான்தான்.”

இரண்டாவதை யாரும் கேட்கக்கூட இல்லை! அங்கேயே அவர் மண்டையில் ஒன்று போடலாம் போல இருந்தது. அந்த அம்மா ஸ்டேப்ளரை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். “அந்த டாக்டருக்கு நான் பதில் சொல்லணும். நான் சொன்னது சொன்னதுதான். ரூம் சாவியெல்லாம் குடுத்துடுங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“சரி பண்ணிட்டுத் தரலாமா மேடம்?”

தலையசைத்தார். மாப்பிள்ளை கீழ்த்தளத்தில் அந்த ஒரு வரியைத் தட்டினார். பிறகு மேலே போய், காது பரிசோதனை அம்மாவிடம் அறை மெயினை ஒரு தடவை போட்டு, ஒரு தடவை அணைக்கச் சொன்னார். நாங்கள் தாழ்வாரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். யாரும் கத்தவில்லை. ஆய்வகத்தில் பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நர்ஸ் எங்களைத் தாண்டிப் போனாள், ஒன்றும் நடக்கவில்லை. “நிக்கல மச்சான்” என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். அப்புறம் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சாயங்காலம் அவர்கள் வீட்டில், தங்கச்சி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பொரிந்து தள்ளினேன். “உன் புருஷன் மாதிரி ஒரு அப்பாவிய நான் பாத்ததே இல்ல. பேச்சு சுவாரசியத்துல உளறிக் கொட்டி, இருக்கறதையும் கெடுத்துக்கிட்டு வந்திருக்காரு!”

“உளறலண்ணா” என்றாள். “கை கழுவறேன்னு போய் எனக்கு போன் பண்ணாரு. ‘சொன்னா என் பெட்டியெல்லாம் போயிடும், சொல்லட்டுமா’ன்னு கேட்டாரு. சொல்லிடுங்கன்னேன்.”

“நீயா சொன்ன?”

“பின்ன? நாளைக்கு யாரோ ஒருத்தர் ஆபரேஷன் மேஜைல கிடக்கறப்ப நெட் நின்னா, எங்க பாக்கணும்னு அடுத்து வர்ற ஆளுக்குத் தெரிய வேண்டாமா?”  மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். “நீ தடுத்தேன்னும் சொன்னாரு. அதுக்காக உன்னத் திட்ட வேண்டாம், என் மேல உனக்கு அவ்ளோ கவலைன்னாரு.”

 இந்தக் குடும்பத்தில் விவரம் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

உள்ளறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார். “மச்சான், போன் எடுத்ததும் காதுல ஒரு ‘ஙொய்’ வருதே, அது எங்கேருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா?”

போனேன். தரையில் ஒரு பழைய டெலிபோனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. யோசித்ததில்லை என்றேன். பக்கத்தில் இடம் ஒதுக்கினார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.