கருப்பட்டி வியாபாரியின் கால்விரல்

1944இல் தூத்துக்குடியில் சீனியைத் துறந்த ஒரே மனிதர் தாம்தான் என்று வன்னியபெருமாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். சீனிக்கு ரேஷன் வந்து ஊரே துறந்துகிடந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை.

அவர் கருப்பட்டி மொத்த வியாபாரி. வயது ஐம்பத்திரண்டு. இடதுகால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்தது. டாக்டர் தேவபிரசாதம் சோதித்துவிட்டு நீரிழிவு என்றார்.

"சோத்தைப் பாதியாக் குறைங்க அண்ணாச்சி. மீன், கீரை, அவரைக்காய், மோர் சேத்துக்கிடுங்க. இனிப்பு ஆகவே ஆகாது. ஒரு மாசத்துல சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்."

வன்னியபெருமாள் வீட்டுக்கு வந்ததும் சீனி டப்பாவைத் தெருவில் எறிந்தார். அது காலியாகிப் பத்து நாளாகியிருந்தது. பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா செல்லத்தாய், காப்பியில கருப்பட்டி ஒரு துண்டு கூடப் போடு. சீனியை விட்டாச்சுல்லா."

"கருப்பட்டி மட்டும் கசக்குதாக்கும்?"

"சீனி மெஷின்ல செஞ்ச விஷம். இது பனை குடுத்த மருந்து. பிள்ளை பெத்தவளுக்கே குடுக்கோம்."

"நீங்க எந்தப் பிள்ளையைப் பெத்தீங்க?"

சோறு பாதியானது உண்மை. போன பாதியின் இடத்தில் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி வந்து உட்கார்ந்தது. சாப்பிட்டது செரிக்க ஒரு சுக்குக் கருப்பட்டி. புண் மட்டும் பட்டினி கிடக்காமல் வளர்ந்தது.

மாதம் முடிந்தது. டாக்டர் அவருடைய சிறுநீரை நீல மருந்தில் கலந்து காய்ச்சினார். குழாய் செங்கல் நிறமானது; சர்க்கரை உச்சத்தில் என்று அர்த்தம்.

"என்ன தின்னீங்க?"

"திருச்செந்தூரான் மேல சத்தியம். சீனி தொடலை."

"மடியில என்ன, எறும்பு மொய்க்கு?"

"தலை சுத்தினா வாயில போட வச்சிருக்கேன். மருந்துதான்."

டாக்டர் அந்தக் கருப்பட்டித் துண்டை வாங்கி, தண்ணீரில் கரைத்து, அதே நீல மருந்தை விட்டுக் காய்ச்சினார். பச்சை, மஞ்சள், அப்புறம் செங்கல். இரண்டு குழாய்களும் அண்ணன் தம்பி போல நின்றன.

"இது வேம்பார் சரக்கா இருக்கும். கலப்படம்," என்றார் வன்னியபெருமாள்.

"காலையில நம்ம கடைப் பெட்டியில கை விட்டதைப் பாத்தேன்லா," என்றாள் கூட வந்திருந்த செல்லத்தாய்.

"விரல் வேணுமா, கருப்பட்டி வேணுமா?" என்று டாக்டர் கேட்டார்.

வன்னியபெருமாள் யோசித்தார். அதற்குக்கூட அவர் யோசித்ததைத்தான் செல்லத்தாய் பிறகு தெருத்தெருவாகச் சொன்னாள்.

கடைசியில் விரலே வென்றது. வெறும் காப்பி, முருங்கைக்கீரை, மீன், அரைவயிற்றுச் சோறு. மூன்று மாதத்தில் புண் காய்ந்தது.

அந்த வாரமே மாப்பிள்ளையூரணியிலிருந்து பிச்சையா என்ற வாடிக்கையாளர் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, எனக்கும் நீரிழிவுன்னு சொல்லுதாவ. கருப்பட்டி ஆகுமா?"

வன்னியபெருமாள் இடதுகாலைப் பலகைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"பனை குடுத்த மருந்துல்லா. எத்தனை வீசை போடட்டும்?"