அளவெட்டியிலிருந்து ஒரு செட்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு அருகே, வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது காலை ஏழு மணி. ராமேசுவரத்தில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் ரயில் பிடித்து, மதவாச்சியில் வண்டி மாறி, இரவு முழுக்க உட்கார்ந்தே வந்ததில் என் இடுப்பு என்னிடம் இல்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு மேலே கோடு கிழித்தால் இந்த இடம் அறுபது மைலுக்கு மேல் இராது. சுற்றி வந்ததில் முந்நூறு மைலாகிவிட்டது.

வந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இறங்கிக்கொண்டே வருகிறது. மழைக்காலம் வரை தாங்கினால் பெரிது என்று தஞ்சாவூர் டாக்டர் கைவிரித்துவிட்டார். “முழுசா இருட்டிப் போறதுக்குள்ள சோமுவை ஒரு தரம் கண்ணுல காட்டிடுடா” என்றாள் அம்மா. சோமு என் தம்பி. தவில்காரன். சில வருஷங்களுக்கு முன் ஒரு திருவிழாவுக்கு வாசிக்க வந்தவன், அளவெட்டியில் ஒரு நாதஸ்வரக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அவனைக் கையோடு அழைத்துப் போகத்தான் இந்த 1968 ஆனி மாதத்தில் நான் கடல் தாண்டினேன்.

“எங்கை போறியள் ஐயா?” என்றார் பழைய ஆஸ்டின் கார் ஒன்றின் டிரைவர்.

“அளவெட்டி.”

“ஏறுங்கோ. இன்னும் ரண்டு பேர் வந்தால் செற் சரி. உடனை எடுக்கிறன்.”

ஆளுக்கு ஒரு ரூபாய். பத்து மைல் தூரம். ஏறி உட்கார்ந்து அரை மணி நேரம் ஆயிற்று, செட் சேரவில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. “எப்பத்தாங்க கிளம்புவீங்க?” என்று கத்தினேன்.

“இந்தியாவோ? உங்கடை கதையிலை தெரியுது” என்று சிரித்தார் மனுஷர். “அந்தரப்படாதேங்கோ. திருவிழாக் காலம், ஆக்கள் வருவினம்.”

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவன். தவில்காரர் வீட்டில் பிறந்தும் எனக்குத் தாளம் நிற்காது. அதனால் அப்பா என்னைப் படிக்க அனுப்பிவிட்டார். இந்த ‘செட்’ இருக்கிறதே, ஆங்கில அகராதியில் பக்கம் பக்கமாக நீளுகிற சொல் அது. சூரியன் மறைந்தாலும் செட், முறிந்த எலும்பைக் கூட்டினாலும் செட், குழைத்த சாந்து இறுகினாலும் செட், ஒரே மாதிரிச் சாமான் நாலு சேர்ந்தாலும் செட். நான் அதை நடத்த ஆரம்பித்தால் பையன்கள் கொட்டாவி விடுவார்கள். யாழ்ப்பாணத்தார் அதை ‘செற்’ என்று எழுதி, எங்களைவிடத் தாராளமாகப் புழங்குகிறார்கள்.

கடைசியில் வந்து ஏறியவரின் மடியில் ஒரு ஒலிபெருக்கி செற். கொக்குவில், இணுவில், சுன்னாகம் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தன. செம்மண், புகையிலைத் தோட்டம், பனை, கிடுகு வேலி. மல்லாகம் சந்தியில் கார் இடது பக்கம் திரும்பியது.

“இண்டைக்கு ஆற்றை திருவிழா?” என்று டிரைவர் ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டார்.

“எங்கடைதான். நேற்று அவையள் நாலு செற் மேளம் பிடிச்சவை. நாங்கள் விடுவமே? எட்டு!”

இங்கே கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தாருடையது. முதல் நாள்காரரை மறுநாள்காரர் மிஞ்சியே ஆகவேண்டும். இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் சேர்ந்தால் ஒரு செற் மேளம். அப்படி எட்டு என்றால் முப்பத்திரண்டு பேர்! சாமி பாவம், எப்படித் தூங்குமோ.

சோமு வாசலுக்கு ஓடி வந்தான். என்னைக் கட்டிக்கொண்டு, “எப்பண்ணே வந்தே? அம்மா எப்பிடி இருக்கிறா?” என்றான். ‘இருக்கிறா’ என்றது எனக்குச் சுருக்கென்றது. தம்பியின் நாக்கு பாதி இந்த ஊராகிவிட்டது.

அவன் மனைவி பூமணி கண்ணாடி அலமாரியைத் திறந்து, பூப் போட்ட ரீ செற்றை எடுத்துக் கழுவித் தேநீர் தந்தாள். “குடியுங்கோ அத்தான். மாமிக்குக் கண் ஏலாமல் கிடக்கெண்டு இவர் சொல்லிச் சொல்லி அழுவார்” என்றாள். நாலு வயதுப் பெண் குழந்தை, சோமுவின் அச்சு, என் மடியில் வந்து ஏறிக்கொண்டது. மாமனார் குளித்துவிட்டு வந்து என்னை வரவேற்றதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. உள்ளே போய்த் திரும்பியவர், “குறை நினையாதேங்கோ தம்பி, பல் செற்றைக் கிணத்தடியிலை விட்டிட்டன்” என்றார். இது இல்லாவிட்டால் பேச்சுமில்லை, நாதஸ்வரமுமில்லையாம். வந்த அலுப்பெல்லாம் போகச் சிரித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு விஷயத்தைச் சொன்னேன். பதில் சொன்னவர் மாமனார்.

“தம்பி, உவர்தான் எங்கடை செற்றிலை முதல் தவில். ஆவணி முடியுமட்டும் கோயில்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறம். உவர் இல்லாட்டில் செற் குழம்பிப் போம்.”

எனக்கு வந்ததே கோபம். “பெத்தவ கண்ணு அவிஞ்சு போகுதுங்கறேன், நீங்க மேளத்தைப் பேசுறீங்களே! மனுஷங்கதானா நீங்க?” என்று விட்டேன். பூமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சோமு தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

மாலை ஐந்து மணிக்குக் கோயில் வீதியில் சோமு வாசித்ததைக் கேட்டேன். தாளம் நிற்காத எனக்கே உடம்பு சிலிர்த்தது. கூட்டத்தில் ஒருவர் என்னை இடித்து, “ஆர் தெரியுமே? எங்கடை ஊர் மாப்பிள்ளை!” என்றார். பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் இருவரும் சைக்கிளில் கீரிமலைக்குப் போனோம். மூன்று மைல். கடலை ஒட்டியே நன்னீர் ஊற்றுக்கேணி. சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் இளநீர்போல் தண்ணீர். குளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தோம். சோமு கடலைக் காட்டினான்.

“அந்தப் பக்கம் கோடியக்கரைண்ணே. தெரியாது. ஆனா அங்கதான் இருக்கு.”

“தெரியுதுல்ல? அப்பக் கிளம்பு.”

“மாமாவை ஏசாதேண்ணே. அவர் சொன்னது சும்மா ஒரு சாட்டு. எனக்காகத்தான் சொன்னார்.” துண்டை உதறித் தோளில் போட்டான். “நான் மூணு மாச விசாவுல வந்தவன். அது எப்பவோ முடிஞ்சு போச்சு. நீட்டிக் குடுக்கச் சொல்லி எழுதிப் போட்டு எழுதிப் போட்டுக் கை ஓய்ஞ்சிட்டுது. இங்க இருக்கிறமட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டினம். தலைமன்னார்ல போய் நின்னேன்னு வை, போன்னு விட்டுடுவான். திரும்பி வர விடமாட்டான். பூமணியையும் பிள்ளையையும் எங்க விட்டுட்டு வர?”

“அவங்களையும் கூட்டிட்டு வந்துடேன்.”

“அதுகளுக்கு அங்க விசா வேணும். அவள் தாய் தகப்பனை விட்டு வருவாளா? நாங்க ஒரு செற்றா இருக்கிறதே இங்க ஒளிச்சு இருக்கிறதாலதாண்ணே.”

“கள்ளத்தோணி?”

“அதையும் விசாரிச்சுட்டேன். போன கிழமை ஒண்ணைப் பிடிச்சுட்டான்” என்று அழுதான். கேணியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அழுதேன். கடலைத் திட்டுவதா, சர்க்காரைத் திட்டுவதா என்று தெரியவில்லை. முந்தின நாள் அந்தப் பெரிய மனுஷரைத் திட்டியது மட்டும் நெஞ்சில் குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். “விடுங்கோ தம்பி. தாய்க்காகக் கதைச்சனீங்கள், அதிலை என்ன பிழை?” என்றார். பூமணி பனங்கட்டியும் புழுக்கொடியலும் பொட்டலம் கட்டித் தந்தாள். புழுக்கொடியல் என்பது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு; பல் உள்ளவர்களுக்கு மட்டும்.

பகல் பதினொன்றுக்குக் கார் வந்தது. ஏறும்போது சோமு ஒரு துணி முடிச்சை என் கையில் வைத்தான். பிரித்தால் தவில்காரன் வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகள், ஐந்து. பழைய வேட்டியைக் கிழித்து, பசை தடவி, அவரவர் விரலிலேயே சுற்றிச் சுற்றிக் கட்டிக் காயவைப்பது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் சோமுவுக்கும் அதைக் கட்டித் தந்தவள் அம்மா.

“இது பூமணி கட்டின செற். அம்மாகிட்டக் குடு. கண்ணு போனாலும் அவளுக்குக் கை இருக்கு.”

“சாயங்காலம் எதை மாட்டிக்கிட்டு வாசிப்பே?”

“வேற கிடக்கு. நீ போண்ணே.”

வேறு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கார் தெருமுனை திரும்புமட்டும் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் நடுத்தெருவில் நின்றான்.

மூன்றாம் நாள் ஊர் வந்து சேர்ந்தேன். எங்கள் கொல்லையிலும் பனை நிற்கிறது, எங்கள் கோயிலிலும் அதே மேளம்தான் ஒலிக்கிறது. நடுவில் கிடப்பது கொஞ்சம் தண்ணீர். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்த காலடிச் சத்தம் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டாள்.

“சோமு எப்படிடா இருக்கான்?”

“அவனுக்கென்ன, மாமியார் வீட்டுச் சாப்பாடு. குண்டாயிட்டான்” என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்துக் கூடுகளை மடியில் வைத்தேன்.

ஒவ்வொன்றாகத் தடவினாள். “பொண்ணு நல்லாக் கட்டியிருக்கா. சுத்து எங்கியும் பிசகலே” என்றாள். முகம் மலர்ந்திருந்தது. பிறகு தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை மாட்டப் பார்த்தாள். மலர்ச்சி போய்விட்டது.

“முந்தியெல்லாம் அவன் கூடு என் விரல்ல லொடலொடன்னு ஆடும். இது உள்ளேயே நுழைய மாட்டேங்குதே. இப்படி மெலிஞ்சு போயிட்டானாடா?”

ஒரு நாள் முழுக்க அவன் பக்கத்திலேயே இருந்து, இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்தவன் நான். எனக்கு அது தெரியவில்லை.