காமாலைப் பத்தியம்

ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள். ட்ரம்மையும் குடங்களையும் நிரப்பி, வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பிறகு கணவரின் கண்களைப் பார்த்தேன். மஞ்சள் குறையவில்லை. சட்டைப் பொத்தானைப் போட அவருக்குத் தெரியவில்லை.

ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கிறது, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று முந்தின நாளே டாக்டர் சொல்லியிருந்தார். இவர் மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன இவருடைய அண்ணன் உயிரோடு திரும்பவில்லை. சிறுமலை அடிவாரத்துப் பளியர் குடியிருப்பில் ஒரு அம்மா கொடுக்கும் பச்சிலையைத்தான் நம்பினார். இரண்டு வேளை குடித்தாயிற்று. கடைசி வேளை மறுநாள் காலை. அதன் பிறகும் ஒரு மண்டலம் பத்தியம். அதுவரை ஊசி கூடாது.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தானடி மஞ்சளா இருந்தேன். அன்னைக்கு எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன?" என்று சிரித்தார். சிரித்து முடிக்குமுன் வாந்தி எடுத்தார்.

பக்கத்து வீட்டு மதினியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த அம்மா சாக்கில் வேர்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இனி மருந்து கிடையாது என்று இவரிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். காலைத் தொட்டேன். அவர் பதறி என் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டு வந்தவருக்கு இல்லையென்று சொன்னால் அதற்குப் பிறகு அவர் கை மருந்து யாருக்கும் பலிக்காதாம். தாய்க்குச் செய்து கொடுத்த சத்தியம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி இவரிடம் அவரும் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"பத்தியம் முறிஞ்சா என்னக்கா ஆகும்?"

"உப்பு ஒரு வாய் பட்டாலும் மருந்து செத்துப்போகும் தாயி. முறிச்சவுகளுக்கு மட்டும் மறுபடி குடுக்கக் கூடாது."

"அவருக்கு எதுவும் ஆகுமா?"

"மருந்துதான் போகும்."

ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. குனிந்து வேர்களைப் புரட்டிப் போட்டார்.

வீடு திரும்பியபோது அவர் என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மதுரைக்குப் போகலாம் என்றபோது மட்டும் தெளிவாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் வேலையாகக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கலக்கி, மருந்துக்கு முன்னால் அவருக்கு ஊட்டினேன். ஒரு வாய் விழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த வாய்க்கு வாயைத் திறக்கவில்லை.