பந்தலில் இறங்கிய சூப்பர் ஹீரோ

இன்று சின்னமனூரிலிருந்து தேனிக்குப் பேருந்தில் வந்தேன். முன் இருக்கையில் ஓர் அப்பாவும் மகளும். அவருக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். அவள் இணையத்தில் சூப்பர் ஹீரோ படக்கதை வரைகிறாள்.

புதிய அத்தியாயத்தை அப்பாவிடம் காட்டினாள். மேகமலைச் சாலையிலிருந்து உருண்டு விழும் பேருந்தை நாயகன் தாங்கிப் பிடித்து, கீழே ஒரு திராட்சைப் பந்தல்மேல் இறக்குகிறான். எல்லோரும் பிழைக்கிறார்கள்.

"ஏத்தா, அந்தப் பந்தல் யாரோடது?"

"யாரோடதோ. கதைதானப்பா."

"பந்தலத் தாங்குற ஒரு கல்லுக்கால் சாஞ்சாலே கம்பி தொய்ஞ்சு தோட்டமே படுத்துரும். பழம் வேற வெட்டுக்கு நிக்குது. இவம்பாட்டுக்குப் பறந்து போயிட்டான்?"

"அத்தன உசுரக் காப்பாத்திருக்காம்ப்பா!"

"காப்பாத்தட்டும், நல்லதுதான். திரும்பி வந்து தோட்டக்காரன் மூஞ்சியப் பாக்கணும்ல?"

"அடுத்தது பெரிய சண்டைப்பா. அதுக்குத்தான் எல்லாரும் காத்திருக்காக. கல்லுக்கால் நட்டுக்கிட்டிருந்தா ஒருத்தரும் படிக்க மாட்டாக."

எனக்குச் சூப்பர் ஹீரோக்களைப் பிடிக்காது. அவர்கள் நொறுக்கும் வீடுகளில் யாரும் குடியிருந்ததாகவே தெரியாது.

வீரபாண்டி தாண்டும்போது அவள் கைப்பேசித் திரையில் அடுத்த படத்தை வரையத் தொடங்கினாள். எட்டிப் பார்ப்பது அநாகரிகம். பார்த்தேன். சரிந்த பந்தலடியில், முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்தபடி, தோட்டக்காரர் முன்னால் நாயகன் நிற்கிறான். பேச்சுக் குமிழி காலியாக இருந்தது.

"என்னப்பா சொல்லுவான்?"

"மொதல்ல கல்லுக்காலத் தூக்கிப் பிடிக்கச் சொல்லு. பேச்சு பெறகு."

தேனியில் இறங்கும்வரை குமிழி நிரம்பவில்லை. மன்னிப்பு மட்டும் போதாது என்பது என் எண்ணம். திராட்சை போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள், அவன் என்ன சொன்னால் மறுபடி தோட்டத்துக்குள் விடுவீர்கள்?