நாலாவது தாயக்கட்டை

நானாட்டானில் ஒரு கந்தோரில் நான் வேலை பார்த்தபோது, சனிக்கிழமை பின்னேரங்களில் ஐந்து பேர் கூடிக் கதை விளையாட்டு விளையாடுவோம். ஆளுக்கொரு வீரனை உருவாக்கி, அவனாகவே பேசி, காடும் கோட்டையும் கடக்கிற விளையாட்டு. அதை நடத்தியவர் எங்கள் கந்தோரின் படவரைஞர். மன்னார்த் தீவிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான மனிதர், இடது கால் குட்டை, சாய்ந்து சாய்ந்து நடப்பார்.

வீரனின் பலம், வேகம், அறிவு எல்லாவற்றையும் தாயக்கட்டைதான் தீர்மானிக்கும். ஆறுமுகக் கட்டைகள் மூன்றை ஒரே தரம் எறிந்து கூட்ட வேண்டும், விழுந்ததை மாற்றக்கூடாது என்பது அவருடைய சட்டம். எண்களைப் பேனையால்தான் எழுதுவார். பென்சிலைத் தொடவே மாட்டார்.

ஒருமுறை என் வீரனின் வேகத்துக்குப் பதினெட்டுக்கு நாலுதான் விழுந்தது.

"நாலு கட்டை எறிஞ்சு, குறைஞ்சதைக் கழிக்கிற முறையும் இருக்குது அண்ணை," என்றேன்.

"கழிக்கலாம். ஆனா இந்த வேகத்தோட இவன் எப்பிடித் தப்புறான் எண்டதுதானே கதை?"

மற்றவர்களுக்கும் அவருடைய சட்டம் அலுத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவருக்குச் சொல்லாமல் என் அறையில் கூடி, நாலு கட்டைகளால் புதிய வீரர்களை உருவாக்கினோம். எல்லோரும் பலசாலிகள். வழமைபோல பஸ்ஸில் வந்தவர், எங்களைத் தேடி அங்கேயே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி, வீரர்களின் எண்களை எழுதிய தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்ப உங்கட கதையில நொண்டி ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை அண்ணை," என்றேன். சொல்லும்போது சிரித்தும் விட்டேன்.

தாள்களை என் கையில் தந்துவிட்டுப் போனார். பிறகு கந்தோரில் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எனக்கு ஏன் வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.